ரங்கூன் தமிழ்ச் சபையின் கோடை வாலிபர் ஊழியம்: என் பிள்ளைகள் போய்வந்த ஆறு வாரங்கள்

பர்மாவில் கோடை விடுமுறை மார்ச்சில் தொடங்கி மே முடியும்வரை நீள்கிறது. வெயிலுக்கு அஞ்சிப் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் கைப்பேசியைத் தவிர அவர்களுக்கு வேறு துணையில்லை. அதனால் இந்த 2025ஆம் ஆண்டு, 13 வயது மகளையும் 16 வயது மகனையும் ரங்கூன் நகருக்குள் இருக்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் கோடை வாலிபர் ஊழியத்தில் சேர்த்தேன். அடுத்த கோடையில் பிள்ளைகளை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு, அங்கே கண்டதை உள்ளபடி எழுதுகிறேன்.

மார்ச் 31 முதல் மே 16 வரை, பர்மியப் புத்தாண்டையொட்டிய தண்ணீர்த் திருவிழா வாரம் நீங்கலாக, திங்கள் முதல் வெள்ளிவரை காலை ஏழு மணிக்கு வகுப்பு தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தது. பதினோரு மணிக்குமேல் ஏப்ரல் வெயிலில் பிள்ளைகள் நடந்து வீடு திரும்புவது ஆபத்து என்பதை அறிந்து வைத்த நேரம் இது. மின்சாரம் முறைவைத்து வந்துபோகும் நாட்களில், டீசலுக்குப் பணம் செலவழித்து மின்னாக்கியை ஓட்டாமல், சபைக் கோயிலின் பக்கக் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டுப் பிள்ளைகளைக் காற்றோட்டமான தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். குடிநீர் ஒருநாளும் குறையவில்லை. இடைவேளையில் ஒருநாள் மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ், மறுநாள் அவல் என்று எளிமையாகக் கொடுத்தார்கள். பாடப்புத்தகத்துக்கும் சிற்றுண்டிக்கும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 10,000 கியாட் வாங்கினார்கள். இன்றைய விலைவாசியில் அது மிகக் குறைவு.

விடுமுறை வேதாகமப் பள்ளி என்ற ஏற்பாடே 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், கோடையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. அன்றைய காரணம் இன்றைய ரங்கூனுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு தேவையும் உண்டு. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு தமிழை முறையாகப் படிக்கும் வழி அடைபட்டுப்போயிற்று. பிறகு கோயில்களும் சபைகளும் மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்த அளவுதான் மிஞ்சியது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் பலர் ஞானப்பாட்டின் அடிகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். என் மகளின் பாட்டு நோட்டிலும் பக்கம் பக்கமாக அந்த வட்ட வட்ட எழுத்துகள்தான் இருந்தன.

இந்த ஊழியத்தில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது, முதல் ஒரு மணி நேரத்தைத் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கென்றே ஒதுக்கியதை. சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர், பள்ளியிறுதித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த அண்ணன்மாரும் அக்காமாரும். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் மகளுக்கு மறந்துபோன தண்ணீர்ப் புட்டியைக் கொடுக்கப் போனவன், தாழ்வாரத் தூணருகே சற்று நின்றேன். 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் 'தாழ்ச்சியடையேன்' என்ற சொல்லில் அவள் தடுக்கி நின்றாள். பர்மிய எழுத்தில் ழகரத்துக்கு இடமில்லாததால் அவள் நோட்டில் அந்தச் சொல் 'தால்ச்சி' என்றுதான் இருந்தது. பக்கத்திலிருந்த அண்ணன் அவளைத் திருத்தவில்லை. சொல்லின் பின்பாதியைக் கையால் மறைத்து, "இதுவரைக்கும் வாசிம்மா" என்றார். 'தாழ்ச்சி' வந்தது. கையை எடுத்தார், மீதியும் வந்தது. அதன்பின், "தாழ்ச்சின்னா என்ன தெரியுமா? குறை. எனக்கு ஒரு குறையும் வராதுன்னு சொல்றார்" என்று பொருளையும் சொன்னார். எட்டு ஆண்டுகளாக அவள் மனப்பாடமாய் ஒப்பித்துவந்த வசனத்துக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது என்று இரவு என்னிடம் சொன்னாள்.

வகுப்பு தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 28ஆம் தேதி, மண்டலை, சகாயின் பகுதிகளை 7.7 அளவு நிலநடுக்கம் நொறுக்கிப்போட்டது. ரங்கூனிலும் அதிர்வு உணரப்பட்டதால் பிள்ளைகள் பயந்திருந்தார்கள். பொறுப்பாளர்கள் அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. முதல் வாரத்துக் கைவேலை வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் சேகரித்த துணிகளை மடித்துக் கட்டவும் அரிசியை நிறுத்துப் பையில் போடவும் வாலிபரை அமர்த்தினார்கள். சின்னப் பிள்ளைகள் பைகளின்மேல் பர்மிய மொழியில் ஒவ்வொரு வரி எழுதினார்கள். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கேட்ட, அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை என் மகன் அந்த வாரம்தான் தானாகவே எடுத்துப் பேசினான்.

இந்த ஆண்டு குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13ஆம் தேதி, தண்ணீர்த் திருவிழா தொடங்கிய அன்றே வந்தது. பெரிய வியாழன் பர்மியப் புத்தாண்டு நாளில் அமைந்தது. தெருவெல்லாம் நீரடித்துக் கொண்டாடும் வாரத்தில் கோயிலுக்குள் இயேசுவின் பாடுகளின் தியானம் நடத்துவது எளிதல்ல. விளையாடப் போகும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், ஆராதனைகளை எல்லாம் மாலைக்கு மாற்றி, நனைந்து வருகிறவர்கள் உடை மாற்ற ஓர் அறையையும் திறந்துவைத்த பெரியவர்களின் அறிவுடைமையைப் பாராட்டுகிறேன். பெரிய வெள்ளியன்று வாலிபர் வரிசை நிறைந்தே இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்கள் தமிழ்நாட்டில் தயாரானவை. பாடம் நன்றாக இருந்தாலும், உதாரணங்கள் அங்குள்ள பொதுத்தேர்வையும் கல்லூரி விடுதியையும் சுற்றியே வருகின்றன. அந்த இடங்களை மாற்றிச் சொல்லும் திறமை ஓரிரு ஆசிரியர்களுக்கே இருந்தது. கடைசி வாரச் சுற்றுலாவுக்குத் தனிக் கட்டணம் வைத்ததால், என் மகனின் நண்பர்கள் இருவர் வரவில்லை. கேட்டால் சபை உதவியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் கூச்சப்படும் பிள்ளை வாய்திறந்து கேட்காது.

இவற்றைவிடப் பெரிய குறை, 18 வயதைத் தாண்டியவர்களைப் பற்றியது. கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பேச்சே வேறாகிவிட்டது. தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் போக, இங்கே இருப்பவர்கள் மனப்பாரத்தோடு இருக்கிறார்கள். ஆறு வாரமும் பாடம் சொல்லி, பாய் விரித்து, தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்கென்று ஒரு ஜெபக் கூடுகையோ, மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்கும் நேரமோ அட்டவணையில் இல்லை. வாலிபர் ஊழியம் என்ற பெயரில் வாலிபரை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது சரியல்ல என்பதை முடிவுநாள் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். போதகரையா அதை ஏற்றுக்கொண்டு, ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமை மாலைகளில் அவர்களோடு உட்காரத் தொடங்கியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகை ஏப்ரல் 5ஆம் தேதியே வந்துவிடுவதால், பாடுகளின் வாரமும் தண்ணீர்த் திருவிழாவும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. வகுப்புகளும் அதிகம் அறுபடாமல் நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். பெயர் கொடுப்பது மார்ச் மாத ஞாயிறுகளில், ஆராதனை முடிந்த பின். பிள்ளைக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். அரிச்சுவடி வரிசை ஒன்று தனியாக உண்டு. கையில் ஒரு பனையோலை விசிறியும் கொடுத்தனுப்புங்கள்.