குதிரை லாடம் அழிந்த மீட்டர்

மிக்சி, அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் பார்க்கிற எனக்கு, வோல்ட்டேஜ், மின்தடை எல்லாம் அளக்கிற மல்டிமீட்டர்தான் மூன்றாவது கண். நாலு மாசம் முன்னாடி 420 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். அளவில் குறை சொல்ல மாட்டேன். 750 வாட் அயர்ன் பாக்ஸ் எலிமென்ட், 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் மின்தடை 70 ஓம் சொச்சம் வரணும். மீட்டர் 69 காட்டியது. இந்த விலைக்கு இது போதும்.

கோளாறு டயலில். சிவப்பு மையில் அச்சடித்த, ஓமைக் காட்டும் Ω குறி இரண்டே மாசத்தில் பாதி அழிந்துவிட்டது. கடைப் பையன், "அண்ணே, அந்தக் குதிரை லாடம் எங்கே?" என்று தேடிக்கொண்டு, வோல்ட்டேஜ் பக்கம் திருப்பி வைத்து அளந்துகொண்டிருந்தான். அது லாடமில்லைடா, ஒமேகா, கிரேக்க எழுத்துக்களில் கடைசி என்றேன். ஓம் என்ற பெயரோடு ஒலி ஒத்துப்போகிறது என்று 1867இல் வில்லியம் பிரீஸ் என்ற தந்திப் பொறியாளர் சொன்ன யோசனை அது. ஆங்கில O போட்டிருந்தால் 100க்குப் பக்கத்தில் இன்னொரு பூஜ்யமாகத் தெரிந்து தொலைக்குமே! இதையே தலைகீழாக்கி 'மோ' என்று மின்கடத்து திறனுக்கும் வைத்திருந்தார்கள். இப்போது அதற்கு சீமென்ஸ்.

இன்னொன்று: மீட்டர் வயர்களின் இரண்டு முனைகளையும் ஒட்டினால் 0 வராது, 0.8 ஓம் நிற்கும். குறைந்த ஓம் அளக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வயர் அறுபடாமல் இருந்தால் வர வேண்டிய பீப் சத்தமும் இல்லை.

நகப்பூச்சால் Ω-வைத் திரும்ப வரைந்துவிட்டேன். அஞ்சுக்கு மூன்று நட்சத்திரம்.