பயிற்சிக்கான தோல் பேஸ்பாலும் கையுறையும்: ஊட்டி ஈரத்துக்குத் தாங்குமா?

ஊட்டி, குன்னூர் பக்கம் பிட்சிங் (பேஸ்பாலில் அடிப்பவரை நோக்கிப் பந்தெறிவது) பழகுபவர்கள் மாட்டுத்தோல் உறை போட்ட பந்தையே வாங்குங்கள். சிந்தெடிக் உறை தண்ணீரை உறிஞ்சாதுதான். ஆனால் மேல பனி படிந்தால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். பந்து கைக்கு வந்ததும் மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள்: 142 முதல் 149 கிராம் இருக்கணும், சுற்றளவு சுமார் 23 செ.மீ. தையல் மேடு விரல்நுனியில் தட்டுப்படாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தப் பிடிமானம் இல்லாமல் கர்வ் (சுழன்று வளைந்து போகும் பந்து) விழாது.

நல்ல பந்திலும் கர்வ் இங்கே குறைவாகத்தான் வளையும், அது பந்தின் குற்றமில்லை. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுழலும் பந்தை வளைக்கக் காற்றுக்கு வலு போதாது. 1,600 மீட்டரில் இருக்கும் அமெரிக்காவின் டென்வரிலும் இதே கதைதான். அங்கே கொலராடோ ராக்கீஸ் பேஸ்பால் அணிக்கு 2017 முதல் 2025 வரை மேனேஜராக (தலைமைப் பயிற்சியாளர் மாதிரி) இருந்த பட் பிளாக், பழைய இடக்கை பிட்சர். 1981 முதல் 1995 வரை ஆடி 121 ஆட்டங்களை வென்றவர். 1985இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியோடு வேர்ல்டு சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) பட்டம். பிறகு ஏஞ்சல்ஸ் அணிக்கு பிட்சிங் கோச், பாட்ரெஸ் அணிக்கு மேனேஜர், 2010இல் நேஷனல் லீகின் (அங்குள்ள இரு பெரிய லீக்குகளில் ஒன்று) சிறந்த மேனேஜர். பிட்சராக இருந்து மேனேஜர் ஆனவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர் பிட்சர்களுக்குப் பகையான அந்த மைதானத்தில் முதல் இரண்டு வருடமும் அணியை பிளேஆஃப் வரை கொண்டுபோனது பெரிய காரியம். ஊட்டியில் பழகுபவர்கள் கர்வோடு சேஞ்சப் என்னும் மெதுவான பந்தையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தை உள்ளங்கையில் ஆழமாக வைத்து, ஃபாஸ்ட்பாலுக்கு வீசும் அதே வேகத்தில் கையை வீசணும். பந்து மட்டும் மெதுவாகப் போகும். வேக வித்தியாசத்தில் ஏமாற்றுவதால் உயரம் அதைக் கெடுக்காது.

டென்வரில் பந்து காய்ந்து கெட்டியாகும். அதனால் 2002 முதல் ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள். நமக்கு நேர்மாறு. மழைக்காலத்தில் ஈரம் உள்நூல் வரை இறங்கினால் பந்து கனக்கும், அடித்தால் பொத்தென்று கேட்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். கரி அடுப்புப் பக்கம் காயவைக்கவே கூடாது. தோல் சுருங்கித் தையல் விட்டுப்போகும்.

கையுறை பிட்சருக்கு 12 அங்குலம் சரி. இடக்கையால் எறிபவர் வலக்கையில் மாட்டுவதாகப் பார்த்து ஆர்டர் போடணும்; கடைகளில் அது சுலபத்தில் கிடைக்காது. ஆட்டம் முடிந்ததும் துடைத்து, நிழலில் ஆறவிட்டு, குழிக்குள் ஒரு பந்தை வைத்துக் கட்டி வையுங்கள். பையிலேயே ஈரத்தோடு விட்டால் பூசணம் பிடிக்கும். எண்ணெய் கொஞ்சமாகத் தடவினால் போதும், அள்ளிப் பூசினால் தோல் தொளதொளத்துவிடும்.