காற்றாலை இறக்கையின் ஸ்பார் கேப்: கார்பன் இழையா, கண்ணாடி இழையா?

காற்றாலை இறக்கையை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது அதன் வளைந்த ஓடு மட்டுமே. காற்றின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குபவை, அந்த ஓட்டின் இரு பக்கங்களிலும் அடியிலிருந்து நுனியை நோக்கி ஓடும் இரண்டு தடித்த பட்டைகள். ஸ்பார் கேப் எனப்படும் இவற்றை ஷியர் வெப் என்ற குறுக்குச் சுவர்கள் இணைத்து, உள்ளே ஒரு நீண்ட பெட்டி உத்திரத்தை உருவாக்குகின்றன. காற்று இறக்கையைப் பின்னால் தள்ளும்போது காற்றை எதிர்கொள்ளும் பக்கத்துப் பட்டை இழுபடுகிறது. கோபுரத்தை நோக்கிய பக்கத்துப் பட்டை அமுங்குகிறது. இந்தப் பட்டைகளை எதனால் செய்வது என்ற கேள்விதான் இறக்கையின் எடை, விலை, மின்னல் பாதுகாப்பு, பராமரிப்பு ஆகிய எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நிலத்தில் நிறுவப்படும் அறுபது மீட்டர் வகை இறக்கை ஒன்றுக்கு இந்தத் தேர்வைச் செய்த குழுவில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: கண்ணாடி இழைத் துணியை அச்சில் அடுக்கி, வெற்றிடத்தின் உதவியால் பிசினை உறிஞ்சச் செய்யும் பழைய இன்ஃப்யூஷன் முறை, இழைகளைப் பிசினில் தோய்த்துச் சூடான அச்சின் வழியே இழுத்துக் கெட்டிப்படுத்தும் பல்ட்ரூஷன் முறையில் செய்த, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்பார் கேப்பாக ஆக்கப்படும் மெல்லிய கார்பன் பட்டைகள், அதே முறையில் செய்த உயர்விறைப்புக் கண்ணாடி இழைப் பட்டைகள். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எடையில் கார்பனுக்குப் போட்டியே இல்லை. விறைப்பின் அளவான யங் குணகம், சாதாரண ஈ-கண்ணாடி இழைக்கு ஏறத்தாழ 72 ஜிகாபாஸ்கல். உயர்விறைப்புக் கண்ணாடி 90-ஐ நெருங்கும். காற்றாலைத் துறை வாங்கும் கார்பன் இழையோ 230-க்கு மேல். பிசினோடு சேர்ந்து பட்டையாக மாறிய பிறகு, கண்ணாடிப் பட்டை 55 முதல் 60 வரையிலும் கார்பன் பட்டை 130-க்குச் சற்று மேலும் நிற்கும். கார்பன் பட்டையின் அடர்த்தி கண்ணாடிப் பட்டையினுடையதில் முக்கால் பங்குதான் என்பதையும் சேர்த்துக் கொண்டால், ஒரே விறைப்புக்குத் தேவைப்படும் கார்பனின் எடை கண்ணாடியினுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. பட்டைகள் இறக்கையின் மொத்த எடையில் ஒரு பகுதி மட்டுமே என்பதால் முழு இறக்கையில் மிச்சமாவது கால் பங்கை ஒட்டி அமையும். விலையில் இதற்கு நேர்மாறான நிலை. கிலோ கணக்கில் பார்த்தால் கார்பன் கண்ணாடியைவிடப் பல மடங்கு அதிகம். இந்த இரண்டும் எல்லோரும் அறிந்தவை என்பதால் இவற்றை வைத்து நீட்டி முழக்கத் தேவையில்லை.

இன்ஃப்யூஷன் முறையை நாங்கள் விரைவாகவே ஒதுக்கினோம். பல பத்து அடுக்குத் துணிகளை நீண்ட அச்சில் விரிக்கும்போது எங்காவது ஓர் அடுக்கு மடங்கி அலைபோல் நெளிவதை முற்றாகத் தவிர்ப்பது கடினம். தடித்த அடுக்குகளில் பிசின் இறுகும்போது எழும் வெப்பமும் தனித் தலைவலி. இழுவிசையில் இந்த நெளிவு ஓரளவு மன்னிக்கப்படும், அமுக்கத்தில் மன்னிக்கப்படாது. சில டிகிரி விலகிய இழைகள் அமுக்கத்தின்போது பக்கவாட்டில் மடிந்து, அந்த மடிப்பு அண்டை இழைகளுக்கும் பரவிப் பட்டையை முறித்துவிடும். கார்பனில் இந்தப் பலவீனம் இன்னும் கூர்மையானது, ஏனெனில் அதன் இழுவிசை வலிமையோடு ஒப்பிட்டால் அமுக்க வலிமை மிகக் குறைவு. பல்ட்ரூஷன் முறை கார்பனுக்கு வாழ்வு கொடுத்ததும் இதனால்தான்: இழைகள் இழுக்கப்பட்ட நிலையிலேயே இறுகுவதால் நேராக நிற்கின்றன. இவ்வகைக் கார்பன் பட்டைகளை இறக்கையில் அடுக்கும் முறைக்கு வெஸ்டாஸ் நிறுவனம் 2002-இல் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமை 2022-இல் முடிவுக்கு வந்தபோது, மற்ற உற்பத்தியாளர்களும் அதே முறையைக் கையாளும் வழி திறந்தது. கண்ணாடிப் பட்டைக்கும் அதே நேர்த்தி கிடைக்கிறது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

உண்மையில் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இறக்கை ஆலையை விட்டு வெளியேறிய பிறகு வரும் இருபது ஆண்டுகள். ஸ்பார் கேப்பில் சேதம் ஏற்பட்டால், அந்த இறக்கையை இறக்காமல், கயிற்றிலோ தொங்கும் மேடையிலோ நிற்கும் இருவர் அதைச் சீர்செய்ய முடியுமா என்ற ஒரே கேள்வியைத்தான் நாங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தோம். பெரிய கிரேனை வரவழைத்து இறக்கையைக் கழற்றும் செலவு, கார்பன் மிச்சப்படுத்திய எடையின் பயனைப் பல இடங்களில் ஒரே தடவையில் விழுங்கிவிடும்.

சீர்செய்யும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சேதமுற்ற பகுதியைச் சாணைபிடித்து அகற்றி, சுற்றிலும் மிக மெல்லிய சரிவை உருவாக்கி, அந்தச் சரிவின்மேல் புதிய துணியை அடுக்கடுக்காக வைத்து, வெற்றிட உறையிட்டு, பிசின் செலுத்தி, சூடேற்றும் போர்வையால் இறுகச் செய்ய வேண்டும். சுமை இழைகள் ஒரே திசையில் ஓடும் ஸ்பார் கேப்பில் அந்தச் சரிவு, தடிமனைப் போல் ஐம்பது முதல் நூறு மடங்கு நீளம் கேட்கும். அடுக்கிய பட்டைகளில் ஐந்து மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டு மட்டும் பழுதானாலும் ஆழம் பத்து மில்லிமீட்டர். நூறு மடங்கு என்று கொண்டால் பக்கத்துக்கு ஒரு மீட்டர், ஆக இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான வெட்டு. இது கண்ணாடிக்கும் கார்பனுக்கும் பொது.

வேறுபாடு, அந்த வெட்டில் எதை நிரப்புகிறோம் என்பதில் தொடங்குகிறது. மேலே தொங்கிக்கொண்டு பல்ட்ரூஷன் பட்டையைச் சரிவுக்கேற்பப் பொருத்துவது எளிதன்று. நடைமுறையில் துணிதான் வைக்கப்படும். கண்ணாடியில், கையால் வைத்த துணி அடுக்கின் விறைப்பு 40 ஜிகாபாஸ்கலை ஒட்டி அமையும். பழைய பட்டையினுடையது 60-ஐ நெருங்கும். ஒன்றரை மடங்கு வேறுபாட்டைச் சில கூடுதல் அடுக்குகளால் ஈடுகட்டலாம். ஓட்டின் வடிவம் சற்றே புடைக்கும், அவ்வளவுதான். கார்பன் பட்டையில் கண்ணாடித் துணியை நிரப்பினால் மூன்று மடங்குக்கு மேல் தடிமன் வேண்டும்; பத்து மில்லிமீட்டர் குழிக்கு முப்பது மில்லிமீட்டருக்கு மேல் நிரப்பினால் அந்த இறக்கையின் குறுக்கு வடிவம் கெட்டுவிடும். ஆகவே கார்பனைக் கார்பனால்தான் சீர்செய்ய வேண்டும். அங்கேதான், ஆலையில் பல்ட்ரூஷன் எந்திரம் காப்பாற்றித் தந்த இழைகளின் நேர்த்தன்மையை, காற்றில் ஆடும் கயிற்றிலிருந்து ஒருவர் தம் கையாலேயே மீண்டும் படைக்க வேண்டிய நிலை வருகிறது. கண்ணாடி இழை முறிவதற்கு முன் நான்கு விழுக்காட்டுக்கு மேல் நீளும். இங்குப் பயன்படும் கார்பன் இழை இரண்டைக்கூட எட்டாது. சிறு நெளிவையும் சிறு காற்றுக் குமிழியையும் கண்ணாடி சகித்துக்கொள்வதற்கும், கார்பன் சகிக்காமல் போவதற்கும் இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

சேதத்தைக் கண்டுபிடிப்பதிலும் இதே கதைதான். கண்ணாடி இழை அடுக்கு பிசினோடு சேரும்போது ஓரளவு ஒளியைக் கடத்தும். பூச்சை அகற்றி நல்ல விளக்கை அருகில் பிடித்தால், பிசின் ஏறாத இடமும் பிரிந்த அடுக்கும் வெண்மையாகத் தெரிந்துவிடும். எதுவரை சாணைபிடிக்க வேண்டும் என்பதைக் கண்ணே சொல்லும். கார்பன் கறுப்பு, மேலடுக்கு உள்ளிருப்பதை முழுதாக மறைத்துவிடுகிறது. மீயொலிக் கருவி உதவும் என்றாலும், அதன் அலையைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரிந்தவர் ஒவ்வொரு பராமரிப்புக் குழுவிலும் இருப்பதில்லை. சாணைபிடிக்கும்போது பறக்கும் கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அருகிலுள்ள மின் இணைப்புகளையும் மூடிவைக்க வேண்டியிருக்கிறது.

பராமரிப்பின் மற்றொரு பாதி மின்னல். இரண்டு வகை இறக்கையிலும் மின்னல் விழும். இரண்டிலும் மின்னலை வாங்கிக்கொள்ளும் ஓட்டின் ஏற்பிகளிலிருந்து அடிவரை ஓர் இறங்கு கடத்தி இருக்கும். கண்ணாடி இறக்கையில் மின்னோட்டத்துக்கு அது ஒன்றே எளிய வழி. கார்பன் இறக்கையிலோ அந்தக் கடத்திக்கு அருகிலேயே, அதற்கு இணையாக, நீளம் முழுவதும் இன்னொரு கடத்தி கிடக்கிறது. அதுவே சுமை தாங்கும் பட்டையும் ஆகும். காற்றாலைகளின் மின்னல் பாதுகாப்புக்கான ஐஇசி 61400-24 என்ற சர்வதேசத் தரநிலையின் உச்சப் பாதுகாப்பு நிலை 200 கிலோஆம்பியர் உச்ச மின்னோட்டத்தைக் கணக்கில் கொள்கிறது. அத்தகைய மின்னோட்டம் மைக்ரோநொடிகளில் ஏறும்போது இரண்டு கடத்திகளுக்கும் இடையே எழும் மின்னழுத்தம், நடுவிலுள்ள பிசினையும் கண்ணாடி அடுக்கையும் துளைத்துத் தாவக்கூடியது. அதைத் தடுக்க, இரண்டையும் பல இடங்களில் இணைத்துச் சம மின்னழுத்தத்தில் வைக்க வேண்டும். அப்படி இணைத்தபின் மின்னோட்டத்தின் ஒரு பங்கு பட்டைக்குள்ளும் பாய்கிறது. இணைப்பு இடத்தில் தொடுபரப்பு போதாவிட்டால் பிசின் கருகி அடுக்குகள் பிரிகின்றன. நல்ல வடிவமைப்பாளர்கள் இதைத் திறம்படச் செய்திருக்கிறார்கள், கார்பன் இறக்கைகள் கடலிலும் மலையிலும் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை.

என் கவலை, அந்த இணைப்புகளைப் பின்னாளில் சோதிக்கும் வழியைப் பற்றியது. பராமரிப்புக் குழு நுனி ஏற்பியிலிருந்து அடிவரை மின்தடையை அளக்கிறது. கண்ணாடி இறக்கையில் கடத்தி அறுந்திருந்தால் அளவீடு உடனே காட்டிக்கொடுக்கும். கார்பன் இறக்கையில் நடுவே ஓர் இணைப்பு கருகிப் போயிருந்தாலும், முதன்மைக் கடத்தி நலமாக இருப்பதால் அளவீடு பழுதில்லை என்றே சொல்லும். அடுக்குகளுக்குள் புதைந்த அந்த ஓர் இணைப்பைத் தனியாக அளக்க வசதி வேண்டுமானால், அதை வடிவமைப்பின்போதே ஏற்படுத்தியிருக்க வேண்டும். கார்பன் இறக்கையை வாங்குபவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே என்பது என் கருத்து.

கண்ணாடிக்குக் கொடுத்த விலை எது என்றும் சொல்ல வேண்டும். இறக்கை சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் சொந்த எடை அதை முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்குமாக மாறி மாறி வளைக்கிறது; இருபது ஆண்டுகளில் இது பத்துக் கோடித் தடவையை ஒட்டி நிகழும். எடை கூடும்போது இந்த அயர்ச்சிச் சுமை அடிப்பகுதி போல்ட்டுகளிலும், இறக்கையைத் தன் அச்சில் திருப்ப உதவும் பிட்ச் பேரிங்கிலும் ஏறுகிறது; நாங்கள் பின்விளிம்பில் கூடுதல் கண்ணாடி அடுக்குகள் வைத்து, அடிப்பகுதியையும் தடிப்பாக்க வேண்டியிருந்தது. பட்டை தடித்ததால் ஓட்டின் குறுக்கு வடிவமும் சற்றுத் தடித்தது. காற்றியக்கத் திறனில் அது சிறு இழப்பு. நுனி கோபுரத்தை நெருங்காமலிருக்க வேண்டிய இடைவெளியும் கணக்கில் இறுக்கமாகவே வந்தது.

நீளம் கூடக் கூட இந்தக் கணக்கு கார்பன் பக்கம் திரும்பும். வடிவத்தை அப்படியே பெரிதாக்கினால் எடை நீளத்தின் மூன்றாம் படியில் ஏறும் என்பது அடிப்படை விதி. எடையால் வரும் வளைவுத் திருப்புமை அதைவிட வேகமாக ஏறும். ஆயினும் எல்லை எங்கே என்பது இறுகிய கோடு அன்று: சீமென்ஸ் நிறுவனம் 2012-இல் 75 மீட்டர் இறக்கையைக் கண்ணாடி இழையாலேயே, ஒட்டு இணைப்பில்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்து காட்டியது, 2019-இல் எல்எம் விண்ட் பவர் வெளியிட்ட 107 மீட்டர் இறக்கை கார்பனையும் கண்ணாடியையும் கலந்தது. என் அனுபவம் நிலத்தில் நிற்கும் நடுத்தர நீள இறக்கைகளோடு நின்றுவிடுகிறது. கடலில், ஓர் ஆளை ஏற்றுவதற்கே படகும் அமைதியான வானிலையும் வேண்டியிருக்கும் இடத்தில், பழுது பார்க்கும் எளிமைக்கு நான் கொடுத்த அளவு மதிப்பைக் கொடுக்க முடியுமா என்பதில் என் தீர்ப்பை யாரும் நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்பது மீட்டரைத் தாண்டும் இறக்கை என்றால் நானே கார்பனிலிருந்துதான் கணக்கைத் தொடங்குவேன்.

பட்டைக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய பிசின் அடுக்கைப் பற்றியும் எனக்கு முழு நிம்மதி இல்லை. பட்டைகள் முன்கூட்டியே இறுகியவை. அவற்றுக்கிடையே மெல்லிய துணி வைத்துப் பிசின் செலுத்தும்போது, ஓரிடத்தில் பிசின் ஏறாமல் போனால் அந்த இடம் வெளியே தெரியாது. கண்ணாடிப் பட்டையின் ஒளிகடத்தும் தன்மைகூட, பல பட்டைகள் அடுக்கிய பிறகு அங்கே அதிகம் உதவாது. பட்டைகளின் முனைகளை மெல்லச் சரிவாக்கி, ஒன்றுக்கொன்று தள்ளி முடிப்பது அவசியம். ஒரே இடத்தில் இரண்டு பட்டைகள் முடிந்தால் பிரிவு அங்கிருந்தே தொடங்கும். நாங்கள் பட்டைகளை மீயொலியால் முழுநீளமும் சோதிக்க வலியுறுத்தியது இதனால்தான். பத்தாம் ஆண்டில் அந்த அடுக்கு எப்படி இருக்கும் என்பதைக் களத்தில் நான் இன்னும் பார்த்ததில்லை.

நடுப்பகுதிக்கு மட்டும் கார்பன், இரு முனைகளுக்கும் கண்ணாடி என்ற கலப்பு வழியையும் சிலர் பரிந்துரைத்தனர். தாளில் அது அழகாகவே தெரிந்தது: விறைப்பு அதிகம் தேவைப்படும் இடத்தில் மட்டும் விலையுயர்ந்த பொருள். ஆனால் கார்பன் முடிந்து கண்ணாடி தொடங்கும் இடத்தில் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் குதிப்பதால், சுமையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்லக் கடத்தப் பல மீட்டர் நீளத்துக்கு இரண்டையும் மேற்கவிய வைக்க வேண்டும். மின்னல் இணைப்புகளும் அப்படியே வேண்டும். பராமரிப்புக் குழு இரண்டு வகைத் துணிகளையும் இரண்டு வகைச் செயல்முறைகளையும் சுமக்க வேண்டும். அறுபது மீட்டர் இறக்கையில் அதனால் குறையும் எடை இத்தனை சிக்கலுக்கு ஈடாகாது என்று முடிவு செய்து அந்த வரைபடத்தை மூடிவைத்தோம்.