பாரிஸ் ஒப்பீட்டு உடற்கூற்றியல் கூடம்: முதுகெலும்பிகளைப் பயிலும் மாணவர்களுக்கு

பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பிகளின் உடற்கூற்றியலைப் படிப்பவர்கள் பாரிஸுக்குச் செல்ல நேர்ந்தால், ஜார்தன் தே பிளாந்த் தாவரவியல் பூங்கா வளாகத்தில் 1898-இல் திறக்கப்பட்ட ஒப்பீட்டு உடற்கூற்றியல் கூடத்துக்கு அரை நாளையாவது ஒதுக்க வேண்டும். ஒப்பீட்டு உடற்கூற்றியலின் முன்னோடியான பிரெஞ்சு அறிஞர் குவியே வளர்த்தெடுத்த சேகரிப்பின் வழிவந்த இக்கூடத்தில் நூற்றுக்கணக்கான முழு எலும்புக்கூடுகள் ஒரே திசையை நோக்கி நிறுத்தப்பட்டிருக்கின்றன. பதினைந்தாம் லூயி மன்னர் வெர்சாயில் வளர்த்த காண்டாமிருகத்தின் எலும்புக்கூடும் அவற்றுள் ஒன்று.

இந்த அணிவகுப்பே கூடத்தின் பெரும்பலம் என்பேன். தோள்பட்டையில் தொடங்கி விரல் நுனிவரை, ஒரு விலங்கிலிருந்து அடுத்த விலங்குக்கு, அதே எலும்பைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போகலாம். குதிரையின் முன்னங்காலில் நடுவிரல் ஒன்றே எடை முழுவதையும் தாங்குகிறது. அதன் இருபுறமும் இரண்டாம், நான்காம் விரல்களுக்குரிய எலும்புகள் மெல்லிய குச்சிகளாகச் சுருங்கி ஒட்டியிருக்கின்றன. திமிங்கிலத்திலோ மேற்கை எலும்பு குட்டையாகிப் பருத்திருக்க, விரலெலும்புகள் பாலூட்டிகளுக்கு வழக்கமான எண்ணிக்கையைக் கடந்து துடுப்பை நீட்டுகின்றன. ஓடுவதற்கும் நீந்துவதற்கும் ஒரே அடிப்படை அமைப்பு எப்படி மாறியது என்பதைப் பாடநூலின் வரைபடம் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

ஆனால் எலும்பு பாதிக் கதைதான். தசைகள் எங்கே பற்றியிருந்தன, மூட்டு எவ்வளவு அசையும் என்பவற்றை ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்து அறிந்த பிறகு வருவதே பயன் தரும். விளக்கங்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் இருந்தாலும், லத்தீன் அறிவியல் பெயர்கள் தெரிந்த மாணவருக்கு அது பெரிய தடையன்று. மேல்தளத்தில் உள்ள புதைபடிவங்களுக்கும் நேரம் மீதம் வையுங்கள்.