ஈஎஸ்பி32 போர்ட்: ‘கல்முனை’ ஓடும், ‘மட்டக்களப்பு’ விழும்

வாவியோர இறால் பண்ணையின் நீர் வெப்பநிலையையோ, அம்பாறைப் பக்கத்து நெல் களஞ்சியத்தின் ஈரப்பதத்தையோ போனில் பார்க்க ஈஎஸ்பி32 என்ற இந்தச் சின்னக் கணினி போர்ட் தாராளம். வைஃபை உள்ளேயே இருக்கிறது. பின்கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் சென்சரை நேரே செருக வேண்டாம்.

ரேம் 520 கிலோபைட் என்பதை நம்பிக் கை நீட்டினால்தான் வம்பு. ஆர்டுயினோ மென்பொருளில் எழுதும் லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) கிடைக்கும் ஸ்டாக், அதாவது ஃபங்ஷன்கள் ஓடும்போது பாவிக்கும் தற்காலிக மெமறி, வெறும் 8192 பைட். போனிலிருந்து வரும் தரவை வாங்க ஃபங்ஷனுக்குள் 10000 பைட் அரே (வரிசையாக ஒதுக்கும் இடம்) வைத்தால் கம்பைலர் வாயே திறக்காது. ஓடும்போது சீரியல் மானிட்டரில் ‘குரு மெடிடேஷன் எரர்’ வரும், பெரும்பாலும் ஸ்டாக் நிரம்பி வழிந்ததைச் சொல்லும் ‘ஸ்டாக் கேனரி’ என்ற சொல்லோடு. பிறகு ரீபூட், திரும்பவும் அதே. (மின்னழுத்தம் குறைந்ததைச் சொல்லும் ‘பிரவுன்அவுட்’ என்று வந்தால் புரோகிராமை நோண்டாமல் முதலில் கேபிளை மாற்றுங்கள்.) அரேக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டால் அது ஸ்டாக்கை விட்டு வெளியே போய்விடும். ஸ்டாக்கையே 16 கிலோபைட்டாக்கலாம், ஆனால் அது நோயை மறைக்கும் மருந்து.

தமிழில் பெயர் காட்டுவோருக்கு இன்னொரு குழி. எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். பெயருக்கு 32 பைட் ஒதுக்கினீர்கள் என்று வையுங்கள். ‘கல்முனை’ 21 பைட், அந்த இடத்தில் சும்மா இருக்கும். ‘மட்டக்களப்பு’ 8 எழுத்துத்தான், ஆனால் 36 பைட். ‘அக்கரைப்பற்று’ 39. அளவு பார்க்காத ஸ்டிரிங் காப்பி 32 ஐத் தாண்டிப் பக்கத்து மெமறியில் எழுதும். ஃபங்ஷன் திரும்ப வேண்டிய முகவரி அழிந்தால் அங்கேயே விழும். இங்கே ஸ்டாக்கைப் பெருப்பித்துப் பயனில்லை. அளவு கேட்கும் காப்பி ஃபங்ஷன் விழாமல் காக்கும், ஆனால் 31 ஆவது பைட்டில் வெட்டி, ‘மட்டக்களப்’ என்பதோடு ஒரு குப்பைக் குறியையும் தரும். 64 பைட் ஒதுக்கி, அந்த ஃபங்ஷனையும் பாவியுங்கள்.

மொத்தமே 2 கிலோபைட் ரேம் உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்ட் இப்படி விழுந்தால் ஒரு சொல்லும் சொல்லாது. ஈஎஸ்பி32 காரணத்தையாவது சொல்கிறது; அதற்காகவே இதை வாங்கலாம். ‘ஹை வாட்டர் மார்க்’ ஃபங்ஷனும் உண்டு: வெள்ளம் வடிந்தபின் சுவரில் நிற்கும் கோடு போல, ஸ்டாக் எவ்வளவு நெருக்கடிக்குப் போனது, குறைந்தது எத்தனை பைட் மிஞ்சியது என்று காட்டும். மிக நீளமான பெயரையும் பெரிய தரவையும் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் 1000 பைட்டாவது மிஞ்சாவிட்டால் பண்ணையில் பூட்ட வேண்டாம்.