பழைய ஸ்னோமொபைலுக்கு நீள டிராக் போடக் கொடுக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

3,180 டாலர். கனடியன் டாலர். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, இந்த எண்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்பகுதியில் ஒரு சின்ன ஊர், அங்கே ஸ்னோமொபைல் (பனிமேல் ஓட்டுகிற வண்டி), ஏடிவி, பைக் எல்லாம் பழுது பார்க்கிற ஒரு பட்டறை, பணம் போனது அங்கேதான். பெயர் போடப் போவதில்லை, விஷயம் புகாராகப் போயிருக்கிறது. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். காம்லூப்ஸ், கெலோனா, கால்கரி பக்கம் நம்மவர்கள் சிலர் பழைய மலை ஸ்னோமொபைல் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்களுக்கு இது போய்ச் சேரட்டும். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் வண்டி ஸ்கி-டூ சம்மிட் 800, 2006 மாடல், ரெவ் என்கிற சட்டகத்தில் வந்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது, கம்ப்ரெஷன் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. குறை டிராக்கில்தான், அதாவது வண்டிக்கு அடியில் சுற்றி ஓடி அதைத் தள்ளுகிற ரப்பர் பட்டையில். 151 அங்குல நீளம், 16 அங்குல அகலம். இறுகிய பனியில் இது போதும். மலைமேல், இடுப்பளவு தூள்பனியில், வண்டி மேலே மிதக்காமல் உள்ளே புதைந்துவிடுகிறது. புதிய மலை வண்டி வாங்கலாம் என்றால் 20,000 டாலர் பக்கம் போகிறது. அதனால் பழைய வண்டிக்கு 162 அங்குல டிராக் போடுவது என்று முடிவு செய்தேன். பல பேர் செய்கிற வேலைதான் இது, ரெவ் வண்டிகளுக்கு உதிரி பாகமும் இன்னும் கிடைக்கிறது.

கணக்கு இப்படி. இந்த டிராக்கின் பிட்ச் 2.52 அங்குலம், அதாவது ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம். 151 என்று சொல்வதில் 60 பிட்ச், 162 என்று சொல்வதில் 64 பிட்ச். நாலு பிட்ச் கூடினால் பத்து அங்குலம், ஆனால் டிராக் ஒரு வளையம் என்பதால் தரையில் படுவது அதில் பாதிதான், ஐந்து அங்குலம். அகலம் 16 என்றால் தரையோடு கூடுதலாக 80 சதுர அங்குலம் படும். அந்த 80 சதுர அங்குலம் தூள்பனியில் பெரிய வித்தியாசம். ஆனால் டிராக்கை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. உள்ளே டிராக் ஓடுகிற இரண்டு அலுமினிய ரெயிலையும் பின்பக்கம் ஐந்து அங்குலம் நீட்ட வேண்டும். ரெயிலின் அடியில் பொருத்துகிற பிளாஸ்டிக் பட்டை, ஹைஃபேக்ஸ் என்பார்கள், அதையும் புது நீளத்துக்கு ஒரே துண்டாகப் போட வேண்டும். டிராக்குக்கு மேலே கூடு மாதிரி இருக்கிற டனலை நீட்டி, பின்னால் தொங்குகிற ஃபிளாப்பையும் தள்ளிப் போட வேண்டும். எஞ்சின் விசையை டிராக்குக்குக் கொண்டுபோகிற செயின் பெட்டியில், செயின்கேஸ் என்பார்கள், பல்சக்கரம் மாற்றி கியரைக் கொஞ்சம் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கனமான டிராக்கை இழுக்க எஞ்சின் திணறும், பெல்ட் சூடாகும். இவ்வளவும் சேர்த்துத்தான் 3,180 டாலர் என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னார்.

நம்பிக்கை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்கள் அங்கேதான் ஆளை வளைக்கிறார்கள். நான் வண்டியை ட்ரெய்லரில் வைத்துக் கொண்டுபோன அன்று அந்த மனிதர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஈரத் தரையில் மல்லாந்து படுத்தார். டார்ச் அடித்து, எஞ்சினைக் குளிரவைக்கிற முன்பக்கக் கூலருக்கும் டிராக்கின் லக்குக்கும் (பனியை வாருகிற ரப்பர் பல்) நடுவே எத்தனை இடைவெளி இருக்கிறது என்று எனக்கே காட்டினார். "இரண்டரை அங்குல லக் இதில் தாராளமாகப் போகும், மூன்று அங்குலம் கேட்காதே, கூலரில் உரசும்" என்றார். சரியான பேச்சு. விஷயம் தெரிந்தவர் பேசுகிற பேச்சு. அப்புறம் மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு டிராக்கைக் காட்டினார். புத்தம் புதியது, ரப்பரில் அச்சிலிருந்து வந்த மயிர் மாதிரி மெல்லிய முனைகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன, விரலால் தடவிப் பார்த்தேன். மார்க்கரை எடுத்து ஒரு அட்டையில் என் பெயரை எழுதி அந்த டிராக்கில் கட்டினார். "இது இனி உன்னுடையது, வேறு யாருக்கும் போகாது" என்றார். எனக்கு முன்னாலேயே கட்டினார். யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

பணத்தை முழுதாக அன்றே கேட்டார். கார்டு மெஷின் பழுது, இன்டராக் இ-ட்ரான்ஸ்பர் போட்டுவிடு, ரெயில் எக்ஸ்டென்ஷன் கிட்டை இன்று சாயங்காலமே ஆர்டர் போட்டால்தான் சீசனுக்குள் வரும் என்றார். அங்கே நின்றபடியே என் வங்கிக் கணக்கிலிருந்து 3,180 டாலர் அனுப்பினேன்.

அதன் பிறகு வாரம் வாரமாகச் சாக்கு. பார்ட்ஸ் கிழக்கிலிருந்து வரவில்லை, மெக்கானிக்குக் காய்ச்சல், ரோஜர்ஸ் கணவாய் மூடியிருக்கிறது. கணவாய் மூடுவது உண்மைதான், கிழக்கே போகிற அந்த மலை நெடுஞ்சாலையில் பனிச்சரிவுக் கட்டுப்பாட்டுக்காகக் குளிர்காலத்தில் அடிக்கடி மூடுவார்கள், ஆனால் சில மணி நேரத்தில் திறந்தும் விடுவார்கள். வாரக்கணக்கில் மூடவில்லை. நல்ல பனி பெய்த வாரங்கள் எல்லாம் என் வண்டி அவர்கள் ஷெட்டில் கிடந்தது.

கடைசியில் ஒரு நாள் கடை மூடுகிற நேரத்தில் வரச் சொன்னார்கள். இருட்டிவிட்டது. வண்டி ஏற்கெனவே வெளியே, பனிமேல் நின்றது, டிராக்கின் பாதி பனிக்குள். மேலே தெரிந்த பாகம் கன்னங்கரேல் என்று பளபளத்தது. பின்னால் டிராக் நீளமாக வந்திருப்பது தெரிந்தது. ஸ்டார்ட் செய்து காட்டினார்கள், ஓடியது. ட்ரெய்லரில் ஏற்றியதும் அந்த மனிதர் என் தோளில் தட்டி "மலையை ஒரு கை பார்" என்றார்.

சிக்கமூஸ் ஊர்ப் பக்கம் அவுல்ஹெட் மலைக்குப் போனோம், நானும் நண்பர்களும். கார் நிறுத்துமிடத்திலிருந்து மேலே போகிற பாதை மெஷின் விட்டு இறுக்கிய பாதை, தூள்பனி கிடையாது. மேலே ஏற ஏற ஒரு கருகல் வாடை. பிளாஸ்டிக் எரிகிற வாடை. பின்னால் வந்தவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்திப் பார்த்தால் ரெயிலுக்குப் பின்னாலிருந்து ஹைஃபேக்ஸ் ஒரு முழ நீளம் வெளியே தள்ளிக்கொண்டு தொங்குகிறது. அதற்குள் எஞ்சின் சூட்டு விளக்கும் எரிந்துவிட்டது. மதியம் தாண்டிய நேரம், குளிர்காலத்தில் அங்கே சாயங்காலம் நாலு நாலரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். பாதையிலேயே நின்றதால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இதே கோளாறு மேலே கிண்ணம் மாதிரிச் சரிவுகளுக்கு நடுவில், பனிச்சரிவு இறங்குகிற இடத்தில் வந்திருந்தால்? எஞ்சின் நின்ற வண்டியோடு அங்கே மாட்டிக்கொண்டால் ஓடித் தப்பக்கூட முடியாது. பனியில் புதைந்தவரைத் தேடுகிற ட்ரான்ஸீவரும் மண்வெட்டியும் குத்திப் பார்க்கிற கம்பியும் எல்லோரும் வைத்திருந்தோம், அது வேறு விஷயம். 3,180 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு மனிதனை இப்படி மலைக்கு அனுப்பலாமா?

வீட்டுக்கு வந்து கேரேஜில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சஸ்பென்ஷனைக் கழற்றினேன். டிராக்கைத் துணியால் துடைத்தேன், துணி முழுக்கக் கறுப்பு. டயருக்கு அடிக்கிற பாலிஷை அடித்திருக்கிறார்கள். பாலிஷ் போனதும் சாம்பல் நிறத்தில் பழைய ரப்பர். லக் முனைகள் எல்லாம் பள்ளிப் பிள்ளை தேய்த்த அழிரப்பர் போல உருண்டு கிடந்தன. இரண்டரை அங்குலம் என்று சொன்ன லக், நாடா வைத்தால் இரண்டுகூட வரவில்லை. ஒரு ஓரத்தில் ரப்பர் கிழிந்து, உள்ளே குறுக்காக ஓடுகிற ஃபைபர்கிளாஸ் கம்பியின் முனை வெளியே குத்திக்கொண்டு நின்றது. உலோகக் கிளிப்புகள் தேய்ந்து விளிம்பு கத்தி மாதிரி மின்னின. என் பெயர் எழுதிய அட்டை கட்டின டிராக் இது இல்லை. அது யார் வண்டியில் ஓடுகிறதோ.

மற்றதும் இதே லட்சணம். ரெயில் எக்ஸ்டென்ஷன் துண்டுகளைப் பக்கத்துக்கு இரண்டே போல்ட்டில் நிறுத்தியிருந்தார்கள், ஒன்றில் நட்டே இல்லை. ஹைஃபேக்ஸை ஒரே துண்டாகப் போடாமல், பழையதை விட்டுவிட்டு அதன் பின்னால் ஐந்து அங்குலத் துண்டை ஒட்டவைத்திருக்கிறார்கள். சேரும் இடத்தில் முனையைச் சீவிக்கூட விடவில்லை. டிராக் கிளிப் ஒவ்வொன்றும் அந்த மூட்டில் தட்டித் தட்டி, துண்டைப் பின்னால் தள்ளி, பெரியதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. டனலை நீட்டவே இல்லை. டனலின் உட்புறத்தில்தான் கூலர்கள் இருக்கின்றன, டிராக் அள்ளி எறிகிற பனி அவற்றின்மேல் பட்டால்தான் எஞ்சின் தண்ணீர் குளிரும். டிராக் ஐந்து அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு, ஃபிளாப் பழைய இடத்திலேயே இருந்தால் அந்தப் பனி பின்னால் வீணாகப் போகிறது. செயின்கேஸைத் திறந்து பல் எண்ணினேன். பழைய பல்சக்கரம்தான். திறந்த அடையாளமே இல்லை.

போன் பண்ணினேன். முதல் முறை, "பழைய வண்டி, அப்படித்தான் சூடாகும்." அடுத்த முறை, "இறுகிய பாதையில் யார் ஓட்டச் சொன்னது?" மலைக்குப் போக அந்தப் பாதையைத் தவிர வேறு வழி கிடையாது என்று அவருக்கே தெரியும். படங்கள் அனுப்பினேன், பாலிஷ் துணி, கிழிந்த ஓரம், நட்டில்லாத போல்ட் எல்லாம். பதில், "நீ வேறு இடத்தில் கழற்றி மாட்டியிருக்கிறாய், வாரண்டி போய்விட்டது." நேரில் போனேன். கவுன்டரில் ஒரு பையன், முதலாளி வெளியூர் என்றான். உள்ளே அவர் குரல் கேட்கிறது! ரசீதை எடுத்துக் காட்டினால், அதில் "டிராக் வேலை, 3,180" என்று ஒரே வரி. புதியதா, எத்தனை அங்குல லக், எந்தப் பாக எண், ஒன்றும் இல்லை. அப்போதுதான் புரிந்தது, அந்த ஒற்றை வரியை அவர்கள் யோசித்தே எழுதியிருக்கிறார்கள். அதற்கப்புறம் என் நம்பரையும் தடுத்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால், இ-ட்ரான்ஸ்பர் எதிராளி கணக்கில் ஏறிவிட்டால் திருப்ப முடியாது என்றார்கள்.

சரி, பார்க்க வேண்டியவை என்று சொன்னேனே, கை நடுங்குகிறது, நீட்டி எழுத முடியவில்லை. ரசீதில் டிராக்கின் நீளம், அகலம், லக் உயரம், பிட்ச், புதியது என்ற சொல், பாக எண் எல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் கொடுங்கள், கார்டு எடுக்காத பட்டறையில் முன்பணமாகப் பெரிய தொகை வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வண்டியைத் தூக்கி நிறுத்தி, துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். ஹைஃபேக்ஸ் ஒரே துண்டா என்று விரல் வைத்துப் பாருங்கள். மாட்டுவதற்கு முன் உங்கள் டிராக்கைப் படம் எடுத்து வையுங்கள், பாக எண் தெரிகிற மாதிரி. இப்போதைக்கு இவ்வளவுதான்.

நான் சிவில் ரெசல்யூஷன் ட்ரிப்யூனல் என்கிற தீர்ப்பாயத்தில் மனு போட்டாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 5,000 டாலர் வரையான சிறு வழக்குகளை அங்கே ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. என் 3,180 டாலர் அதற்குள் வருகிறது. பட்டறையோ நேற்றுகூட அதே விலைக்கு "புதிய 162 டிராக், பொருத்தித் தரப்படும்" என்று விளம்பரம் போட்டிருக்கிறது, மூலையில் சுருட்டி வைத்த அதே டிராக்கின் படத்தோடு. இதைப் படிக்கிற யாராவது இப்படி ஒரு பட்டறையில் பெயர் எழுதின அட்டையைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பத் தயாராக இருந்தால், இன்று அனுப்பாதீர்கள்.