சீசனை மூடினால் மான் திரும்பி வருமா?

2023 வசந்தத்தில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் மேற்கில், மலையடிவாரங்களில் பனி உருகியபோது, அடியிலிருந்து மான்களின் உடல்கள் வெளிப்பட்டன. வயோமிங் ரேஞ்ச் மலைத்தொடரை ஒட்டி வாழும் மியூல் மான் கூட்டம் அது. கழுதைக் காது போலப் பெரிய காது இருப்பதால் அந்தப் பெயர். வயோமிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரேடியோ காலர் மாட்டியிருந்த குட்டிகளில் ஒன்றுகூட அந்தக் குளிரைத் தாண்டவில்லை. வளர்ந்த பெண் மான்களில் பத்துக்கு ஏழு செத்தன. சாதாரண ஆண்டுகளில் வளர்ந்த பெண் மான்கள் நூற்றுக்கு எண்பத்தைந்து வரை பிழைத்துவிடும். சுமார் 30,000 என்று கணக்கிடப்பட்டிருந்த கூட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. மாநில வனவிலங்குத் துறை வைத்திருந்த இலக்கு 40,000.

அந்த ஏப்ரலில் வேட்டை விதிகளை முடிவு செய்யும் கூட்டங்களுக்கு வந்து, “இந்த ஆண்டு சீசனையே மூடுங்கள்” என்று கேட்டவர்களில் பலர் வேட்டைக்காரர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிப்போன நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். அங்கே அது உரிமம் வாங்கி, குறிப்பிட்ட சில நாட்களில், குறிப்பிட்ட பகுதியில் செய்வது. பல வீடுகளில் அந்த ஒரு மான்தான் குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சி. அதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவர்களே முன்வந்தார்கள். துறை மூடவில்லை. நாட்களைக் குறைத்தது, வெளிமாநிலத்தாருக்கான உரிமங்களைக் குறைத்தது, ஆண் மான் வேட்டையைத் தொடர விட்டது.

யார் சரி? அந்த மேசையில் இருந்த வழிகள் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூடச் சொன்னவர்களின் மனசு சரி, ஆனால் அவர்கள் கேட்ட மருந்து அந்த நோய்க்கானதல்ல.

முழுவதும் மூடுவதா, ஆண் மானை மட்டும் விடுவதா

மானின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெண் மான். பழந்தமிழில் பிணை என்பார்களே, அந்தப் பிணைதான் மொத்தக் கணக்கும். நவம்பரில் இணை சேர்ந்து, சுமார் 200 நாள் சுமந்து, ஜூனில் ஈனும். நல்ல உடல்நிலையில் இருந்தால் பெரும்பாலும் இரட்டைக் குட்டி. ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். அதனால் நூறு பெண் மானுக்கு இருபது ஆண் இருந்தாலும் சரி, நாற்பது இருந்தாலும் சரி, அடுத்த ஜூனில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். வயோமிங்கில் பெரும்பாலான கூட்டங்களை நூறு பெண்ணுக்கு 20 முதல் 29 ஆண் என்ற அளவில் வைத்திருக்கிறார்கள். சில சிறப்புப் பகுதிகளில் முப்பதுக்கு மேல்.

இதை வைத்துப் பார்த்தால், ஆண் மான் வேட்டையை ஓராண்டு நிறுத்துவதால் அடுத்த ஆண்டு நிறைய ஆண் மான்கள் கண்ணில் படும். குட்டிகளின் எண்ணிக்கை உயராது. இன்னொன்றும் இருக்கிறது. காப்பாற்றப்பட்ட அந்த ஆண் மான்கள் குளிர்காலத்தில் அதே சேஜ்பிரஷ் புதரைத்தான் கர்ப்பிணி மான்களோடு பங்குபோட்டுத் தின்னும்.

அப்படியானால் பெண் மான் வேட்டையை நிறுத்தலாமே? அதற்கு நல்ல உதாரணம் வடக்கு டகோட்டா. 2008 தொடங்கி அடுத்தடுத்து மூன்று கடும் குளிர்காலங்கள் அங்கே மேற்குப் பகுதிப் பாழ்நிலங்களின் மியூல் மான்களை அடித்துப் போட்டன. 2012ல் பெண் மான் உரிமங்களை அடியோடு நிறுத்தினார்கள். நான்கு சீசன் அப்படியே இருந்தது. ஆண் மான் வேட்டை மட்டும் நடந்தது. 2016ல் பெண் மான் உரிமத்தை மறுபடி திறக்கும் அளவுக்குக் கூட்டம் மீண்டது. நடுவில் குளிர்காலங்களும் கருணை காட்டின என்பதைச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் மான் திரும்பி வர சீசனை முழுவதும் மூட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வயோமிங்கின் சிக்கல் என்னவென்றால், அந்த மலைத்தொடரில் பெண் மான் வேட்டை ஏற்கெனவே பல ஆண்டுகளாக மிகக் குறைவு. திருக வேண்டிய குழாயை முன்பே திருகியாகிவிட்டது. அதனால்தான் “எதையாவது செய்யுங்கள்” என்ற குரல் ஆண் மான் சீசன் மேல் போய் விழுந்தது.

முழு மூடலுக்கு ஆதரவாகச் சொன்ன எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. கடும் குளிர் ஆண் மான்களையும் கொன்றது. இணை சேரும் பருவத்தில் முழுவலுவையும் செலவழித்துவிட்டு, கொழுப்பு இல்லாத உடம்போடு அவை குளிருக்குள் போகின்றன. மிஞ்சிய வயதான ஆண்கள் சிலவே என்ற கவலை நியாயமானது. அதற்கு மேல், ஒரு பள்ளத்தாக்கில் செத்த மான்களைத் தானே எண்ணிப் பார்த்தவரிடம் போய் “உயிரியல்படி வித்தியாசம் இருக்காது” என்று ஒரு வரைபடத்தைக் காட்டினால் அது காதில் ஏறாது. துறை அந்த இடத்தில் பொறுமையாக, விளக்கமாகப் பேச வேண்டும். பேசினால் கேட்கக்கூடியவர்கள்தான் அவர்கள்.

மூடுவதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பகுதியை மூடினால் அங்கே போகிறவர்கள் வீட்டில் உட்கார மாட்டார்கள்; பக்கத்துப் பகுதிக்குப் போவார்கள், அங்கே நெரிசல் கூடும். பணமும் இதில் சேர்ந்திருக்கிறது. வனவிலங்குத் துறைகள் பெருமளவு உரிமக் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மேல் வசூலாகும் 11 சதவீத வரியை மாநிலங்களுக்குப் பங்கிடும்போதும், நிலப்பரப்போடு உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். மானை எண்ண ஹெலிகாப்டர் பறப்பதும் காலர் வாங்குவதும் இப்படி வரும் பணத்தில்தான்.

முழு மூடல் சரியான இடம் எது என்று கேட்டால், கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளில் உள்ள பாதர்ஸ்ட் கரிபூ (வடதுருவப் பகுதிக் கலைமான்) கூட்டத்தைச் சொல்வேன். 1980களின் நடுவில் நாலு லட்சத்துக்கு மேல் இருந்த கூட்டம் 2009ல் சுமார் 32,000 ஆனது. அப்போதும் ஆண்டுக்குச் சில ஆயிரம் வேட்டையாடப்பட்டன, அதில் பெண்கள் அதிகம். சரிந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கு அது தாங்காது. 2010 ஜனவரியில் வெளியாட்களுக்கும் உள்ளூர் உரிமதாரர்களுக்கும் வேட்டை மூடப்பட்டது. பிறகு அந்த மானையே நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளான தேனே மக்களும் தங்கள் பங்கை 300 வரை சுருக்கி, கடைசியில் அதையும் விட்டார்கள். அவர்கள் இழந்தது பொழுதுபோக்கு அல்ல, சாப்பாடும் பண்பாடும். அப்படியும் 2018 கணக்கெடுப்பில் 8,200தான் இருந்தன. வேட்டையே பெரிய கசிவாக இருந்த இடத்தில் அதை அடைத்தது சரி. ஆனால் மற்ற கசிவுகள் ஓயவில்லை.

குலுக்கல் உரிமம்

இது நடுவழி. யார் வேண்டுமானாலும் கடையில் உரிமம் வாங்கலாம் என்ற முறையை விட்டு, இத்தனை பேருக்குத்தான் என்று குலுக்குவது. யூட்டா 1994ல் மான் உரிமங்களுக்கு 97,000 என்று உச்சவரம்பு வைத்தது. கொலராடோ 1999ல் மான் உரிமங்கள் அனைத்தையும் குலுக்கலுக்குக் கொண்டுபோனது. பலன் தெரியும்: ஆண் மான்களின் விகிதம் ஏறும், பெரிய கொம்புகள் தென்படும், காட்டில் வேட்டைக்காரர்களின் நெரிசல் குறையும். விலையும் தெரியும்: அப்பா ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளைக் கூட்டிப்போன மலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் போக முடியும். வயோமிங்கில் உள்ளூர்க்காரர்கள் பொது உரிமத்தை இவ்வளவு இறுகப் பிடித்திருப்பது அதனால்தான். மொத்த எண்ணிக்கை? அதை இது பெரிதாக அசைக்காது. ஆண் மான் வேட்டையைக் குறைக்கும் எந்த வழிக்கும் இதே வரம்புதான்.

கொம்பு விதி

ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளைக்குக் குறைந்தால் சுடக் கூடாது என்ற விதி கேட்க அழகாக இருக்கும். மேற்கு மாநிலங்களில் பலமுறை போட்டுப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். சின்ன ஆண் மான்கள் தப்பும், சுமை எல்லாம் வளர்ந்தவை மேல் விழும். தவறிச் சுட்டதை அப்படியே விட்டுப் போகிறவர்களும் உண்டு. கூடவே நாள்பட்ட சீரழிவு நோய் இருக்கிறது. மானின் மூளையை அழிக்கும் இந்த நோய் வயோமிங்கின் காட்டு மான்களில் 1985லேயே கண்டுபிடிக்கப்பட்டது. வயதான ஆண் மான்களில்தான் அது அதிகம்; இளசுகளை வளர விடும் விதி அதற்கு இடம் கொடுக்கலாம். ஒன்றிரண்டு ஆண்டுக்கு, அவசரத்துக்கு என்றால் சரி. அதற்கு மேல் நான் ஆதரிக்க மாட்டேன்.

தீவனம், கொயோட்

பசித்த மானுக்கு உணவு போடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. குளிர்காலத்தில் புதர்க் குச்சிகளுக்குப் பழகிய இரைப்பைக்குத் திடீரென்று தானியத்தைப் போட்டால் அமிலம் ஏறி மான் செத்துவிடும். வைக்கோலைப் போட்டால் வயிறு நிறைந்தபடியே சாகும். 2023 தொடக்கத்தில் யூட்டாவின் வடக்கில் ரிச் கவுன்டியில் அவசரத்துக்கு, மானுக்கென்றே தயாரித்த குருணைத் தீவனம் போட்டார்கள். சில வாரங்களுக்கு, சில இடங்களில் மட்டும். பெரிய பரப்பில் அது நடக்காது. மான்களை ஒரே இடத்தில் கூட்டினால் நோயும் பரவும்.

மானைத் தின்னும் கொயோட்களையும் (ஓநாயின் சிறிய உறவு) மலைச்சிங்கங்களையும் (பூமா) சுடுவது, விதிகளை முடிவு செய்யும் கூட்டங்களில் எப்போதும் கைதட்டல் வாங்கும் யோசனை. வயோமிங்கில் கொயோட்டை ஆண்டு முழுவதும் உரிமம் இல்லாமலே சுடலாம். ஐடஹோவின் தென்கிழக்கில் 1997 முதல் 2003 வரை இதைச் சோதித்தார்கள். சில பகுதிகளில் கொயோட்டையும் மலைச்சிங்கத்தையும் தொடர்ந்து குறைத்து, சிலவற்றில் குறைக்காமல் விட்டு ஒப்பிட்டார்கள். சில ஆண்டுகளில் குட்டிகள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன. கூட்டத்தின் வளர்ச்சியில் நிலைத்த மாற்றம் வரவில்லை. குளிர்காலமும் கோடை மேய்ச்சலும்தான் கணக்கை எழுதின.

நிலமும் சாலையும்

கைதட்டல் குறைவாக வாங்கும் வழி இது. எனக்கு இதுதான் முதல். கொலராடோவின் அன்கம்பாக்ரி பீடபூமியில் ஓர் ஆய்வு செய்தார்கள். வேட்டையிலோ மானைத் தின்னும் விலங்குகளிலோ கை வைக்காமல், குளிர்காலத்தில் மான்களுக்குச் சத்தான உணவை மட்டும் கூட்டினார்கள். குட்டிகள் பிழைப்பது கூடியது. கொயோட் கொன்றதாக நாம் எண்ணும் குட்டிகளில் பல, பசியால் முன்பே தளர்ந்தவை என்பது அதிலிருந்து தெரிகிறது. எங்கும் தீவனம் கொட்ட முடியாது என்று இப்போதுதான் சொன்னேன். ஆகவே அந்தச் சத்தைப் புதரும் புல்லும்தான் கொடுக்க வேண்டும். அந்தப் புதர்க்காட்டுக்குள் சீட்கிராஸ் என்ற அந்நியப் புல் நுழைந்து, காய்ந்து, தீயைக் கூட்டி வருகிறது. எரிந்த சேஜ்பிரஷ் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பக்கத்துக் கூட்டமான சப்லெட் மான்களின் கதையைப் பாருங்கள். பைன்டேல் ஆன்டிக்ளைன் எரிவாயு வயலில் அவை குளிர்காலம் கழிக்கும் இடத்தை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கிணறுகளும் சாலைகளும் வந்த பிறகு எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மான்கள் பழகிவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவை கிணற்றுத் தளங்களை விட்டு விலகியே நடந்தன. இதே மேற்கு வயோமிங்கில்தான் ரெட் டெசர்ட் பாலைவனத்திலிருந்து ஹோபாக் வரை 240 கிலோமீட்டர் நடக்கும் மான்கள் இருக்கின்றன. அந்தப் பாதையில் ஒரு வேலியோ ஒரு புதுக் குடியிருப்போ குறுக்கே வந்தால், எந்த சீசன் விதியும் ஈடுசெய்யாது.

சாலைக்குத் தீர்வு கையிலேயே இருக்கிறது. வயோமிங் ரேஞ்ச் மான்கள் குளிர்கால நிலத்துக்குப் போகும் வழியில், கெமரருக்கும் கோக்வில்லுக்கும் நடுவே நகெட் கன்யன் என்ற இடத்தில் நெடுஞ்சாலை 30ஐக் கடக்க வேண்டும். அங்கே வேலி போட்டு, சாலைக்கு அடியில் ஏழு சுரங்கப் பாதைகள் அமைத்தார்கள். மூன்றாண்டுக் கவனிப்பில் மான்கள் 49,000 தடவைக்கு மேல் அவற்றின் வழியே கடந்தன. வாகனங்களில் அடிபடுவது ஐந்தில் நாலு பங்கு குறைந்தது. பிழைத்தவற்றில் பெண் மான்களும் உண்டு என்பதுதான் இதற்கும் ஆண் மான் சீசனை மூடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

2023ல் துறை செய்த இன்னொரு சின்ன வேலையும் எனக்குப் பிடித்தது. வசந்தத்தில் மலைக்குப் போய், ஆண் மான்கள் உதிர்த்த கொம்புகளைப் பொறுக்குவது அங்கே பெரிய ஆசை, நல்ல விலையும் உண்டு. வழக்கமாக மே 1ல் திறக்கும் அந்தப் பருவத்தை அந்த ஆண்டு மே 15க்குத் தள்ளினார்கள். எலும்பும் தோலுமாக நிற்கும் ஒரு கர்ப்பிணி மானை ஆள் நடமாட்டம் ஒருமுறை ஓட வைத்தால்கூட, மிச்சமிருக்கும் கொழுப்பு அதில் போய்விடும். சீசனை மூடக் கேட்டு அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள், ஜனவரி முதல் மே வரை குளிர்கால நிலத்துக்குள் யாரும், தாங்களும்கூட, போகாமலிருக்கக் கேட்கலாம். ஆண் மான் வேட்டையை ஓராண்டு விடுவதைவிடப் பிணைகளுக்கு அது அதிகம் உதவும்.